மூன்று நிமிடச் சவாரி

என் பிழைப்பே தாமதத்தைக் கண்டுபிடிப்பதுதான். புனேக்குப் பக்கத்தில் ஹிஞ்சேவாடியில் ஒரு மென்பொருள் கம்பெனியில் பதினோரு வருஷமாக அதைத்தான் செய்கிறேன். யாரோ எழுதிய நிரல் எங்கே மூச்சு வாங்குகிறது, அரை நொடி எந்த இடத்தில் காணாமல் போகிறது என்று அளந்து சொல்ல வேண்டும். அளக்காமல் எதையும் தொடாதே. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. மாற்றியபின் மூன்று தடவை ஓட்டிப் பார், எழுதி வை. புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் நாளே இதைச் சொல்லிவிடுவேன், ஏதோ மந்திரம் உபதேசிக்கிற முகத்தோடு. இப்போதும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். சம்பளம் கொடுக்கிறார்களே.

இதே வேலையை வீட்டிலும் பார்த்தேன். அதைத்தான் இப்போது எழுத உட்கார்ந்திருக்கிறேன். எழுதினால் மனசு ஆறும் என்று ஆபீஸில் ஒருவர் சொன்னார். நான் ஆறுவதற்காக எழுதவில்லை. இது ஆறக் கூடாது என்பதுதான் என் எண்ணம்.

என் மனைவிக்கும் எனக்கும் சொந்த ஊர் கோயமுத்தூர். கல்யாணமான அடுத்த மாதமே புனேவுக்கு வந்துவிட்டோம். விஷ்ராந்த்வாடியில், ஆளந்தி ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, மூன்றாவது மாடியில் வீடு. அவள் பிம்ப்ரியில் ஒரு தொழிற்சாலையில் கொள்முதல் பிரிவில் வேலை பார்த்தாள். நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் சாயங்காலம், பஸ்ஸிலிருந்து இறங்கியவள் ஓரமாக நின்றிருந்த ஸ்கூட்டர் மேல் நேராகப் போய் விழுந்தாள். முட்டியில் ரத்தத்தோடு வீட்டுக்கு வந்து, "அது அங்க நின்னதே எனக்குத் தெரீலீங்க" என்றாள்.

"ஃபோனைப் பாத்துட்டே நடந்திருப்ப" என்று கத்தினேன். ஃபோன் அவள் பைக்குள்தான் இருந்தது.

விழித்திரையில் குறை என்றார் கண் டாக்டர். பிறக்கும்போதே கூட வந்து, முப்பது வயசுக்கு மேல் தலைகாட்டுகிற வகையாம். முதலில் இருட்டில் தெரியாது. பிறகு ஓரங்கள் போகும். கடைசியில் நடுவே சின்னதாக ஒரு ஜன்னல் மட்டும் மிஞ்சும். அந்த ஜன்னல் எத்தனை நாள் திறந்திருக்கும் என்று கேட்டோம். சிலருக்குப் பல வருஷம், சிலருக்கு அப்படி இல்லை, அவளுக்கு வந்திருக்கும் வகைக்கு மருந்தென்று ஒன்றும் இல்லை என்றார். திரும்பி வரும்போது ஆட்டோவில் அவள் தலையை முழுசாக என் பக்கம் திருப்பி என்னைப் பார்த்தாள். அதற்கப்புறம் எல்லோரையும் அப்படித்தான் பார்த்தாள். ஒருவரைப் பார்க்க வேண்டுமென்றால் அந்த ஜன்னலை அவர் மேல் கொண்டுபோய் வைக்க வேண்டியிருந்தது.

வேலையை விட்டாள். தனியாக வெளியே போவதை விட்டாள். ஆளந்தியிலிருந்து கிளம்புகிற பல்லக்கு ஊர்வலம் வருஷா வருஷம் எங்கள் தெரு முனையைத் தாண்டித்தான் போகும். வார்க்கரி பக்தர்கள் தாளம் போட்டுப் பாடிக்கொண்டு நாள் முழுக்க நடந்துகொண்டே இருப்பார்கள். அந்த வருஷம் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு முனையில் நின்றாள்.

"எத்தன பேருங்க இருக்கும்?"

"எண்ண முடியாது."

"எனக்கு ஒவ்வொருத்தராத்தான் வர்றாங்க" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குத்தான் அங்கே நிற்க முடியவில்லை. மழை வரும்போல இருக்கிறது என்று சாக்குச் சொல்லி வீட்டுக்கு இழுத்துவந்துவிட்டேன்.

என் பழைய கணிப்பொறியில் ஒரு விளையாட்டு இருந்தது. தள்ளுபடியில் வாங்கி, இரண்டு நாள் விளையாடிவிட்டு நான் கிடப்பில் போட்டது. பரந்த நிலம், குதிரையில் ஏறிக்கொண்டு எங்கே வேண்டுமானாலும் போகலாம். விருப்பம் இல்லாவிட்டால் சண்டை போடாமலே சுற்றலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பொழுது போகாமல் அதன் முன்னால் உட்கார்ந்தாள். நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் இழுத்துப் போட்டாள். நான் சமையலறையில் தோசை வார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஏனுங்க! ஏனுங்க, எனக்கு ரெண்டு ஓரமும் தெரியுதுங்க!"

தோசைத் திருப்பியோடு ஓடிப் போய்ப் பார்த்தேன். அந்தத் தூரத்தில் வைத்துப் பார்த்தபோது திரை முழுக்க அவளுடைய ஜன்னலுக்குள் அடங்கிவிட்டது. எங்கள் தெரு அதில் அடங்காது. சமையலறை அடங்காது. பக்கத்தில் உட்கார்ந்தால் என் முகம்கூட முழுசாக அடங்காது. அந்த ஏரி, காடு, வானம் எல்லாம் மொத்தமாக அடங்கின. அவள் அன்று மத்தியானம் வரை எழுந்திருக்கவில்லை. தோசை கருகியது, அதைத் தின்றுவிட்டுச் சந்தோஷமாக இருந்தோம்.

விளையாட்டு ஒரு ஏரிக்கரையில் தொடங்கும். அங்கிருந்து பார்த்தால் தூரத்தில் ஒரு வெள்ளை மலை. உச்சிக்குக் கொஞ்சம் கீழே கல்லால் கட்டிய ஒரு வீடு, அதிலிருந்து மெல்லிசாகப் புகை போய்க்கொண்டிருக்கும். அந்த வீட்டுக்குப் போக வேண்டும் என்றாள். அங்கே என்ன இருக்கிறது என்று இணையத்தில் பார்த்துச் சொல்கிறேன் என்றேன். "அதெல்லாம் வேண்டாங்க, நானே போய்ப் பாத்துக்கறேன். கண்ணு இருக்கறப்பவே போயிரணும், அவ்வளவுதான்" என்றாள். அவள் ஆசைப்பட்டுக் கேட்டது அது ஒன்றைத்தான்.

மலைக்கு ஒரே வழி. நடுவில் ஒரு சந்தை ஊர் இருந்தது. அதன் மேற்கு வாசலில் நுழைந்து, கூட்டத்துக்குள் புகுந்து, மரப்பாலம் தாண்டி, கிணற்றைச் சுற்றிக்கொண்டு கிழக்கு வாசலில் வெளியே வர வேண்டும். மலைப்பாதை அந்தக் கிழக்கு வாசலுக்கு அப்பால்தான் தொடங்குகிறது. மூன்று நிமிடச் சவாரி. அந்த ஊருக்குள்தான் படம் திக்கியது.

நமக்குத் திக்கினால் எரிச்சல், அவ்வளவுதான். குதிரை ஒரு கணம் உறைந்து நின்று, அடுத்த கணம் நாலடி தள்ளித் தெரியும். கண் அதைத் தானாகப் பிடித்துக்கொள்ளும். அவளால் பிடிக்க முடியவில்லை. ஒரு குதிப்புக் குதித்தால் குதிரை எங்கே போனதென்று அவள் தேட வேண்டும். தேடுவதற்குள் இன்னொரு குதிப்பு. பாலத்தின் மேல் வரும்போது ஆற்றில் விழுவாள். நாலைந்து தடவை விழுந்தபின் தலை சுற்றி, வாந்தி வந்து, மறுநாள் முழுக்கப் படுத்தே இருந்தாள்.

"நான் தாண்டி விட்டுத் தர்றேன், அக்கட்ட போனப்புறம் நீ ஓட்டு" என்றேன்.

"வேண்டாங்க. கடைக்கு நீங்க கூட்டிட்டுப் போறீங்க, ஆஸ்பத்திரிக்கு நீங்க கூட்டிட்டுப் போறீங்க. இங்கயாச்சும் நானே போறேன்."

"அப்ப நான் இதைச் சரி பண்ணித் தர்றேன். அது வரைக்கும் ஊருக்குள்ள போகாத."

சரி என்றாள். என் தொழில் அவளுக்குத் தெரியும். திக்குவதைச் சரி பண்ண அவள் புருஷனைவிட ஆள் யார் என்று நம்பினாள். நானும் அப்படித்தான் நம்பினேன், வெட்கமில்லாமல்.

ஏன் திக்குகிறது என்பது எனக்கு நன்றாகவே புரிந்தது. படம் வரைகிற கிராபிக்ஸ் கார்டு நல்லதுதான். ஆனால் அந்தச் சந்தையில் நூறு பேர் திரிகிறார்கள். காய் விற்கிறவள் கையை எப்போது தூக்க வேண்டும், நாய் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்றெல்லாம் ஒவ்வொரு நொடியும் முடிவு பண்ண வேண்டியது ப்ராசஸர். கூட்டத்தைக் குறைக்கிற வசதி அந்த விளையாட்டில் இல்லை. ப்ராசஸர் முடிவெடுக்கத் தேவையான விவரமெல்லாம் மெமரியில், அதாவது ரேமில், இருக்கிறது. கல்யாண வீட்டுச் சமையல் மாதிரிதான் இது. சமையல்காரர் எத்தனை கெட்டிக்காரராக இருந்தாலும் சாமான் அறையிலிருந்து காயும் பருப்பும் வந்து சேராவிட்டால் கரண்டியைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். சாமான் அறைக்கு இரண்டு கதவு உண்டு. இரண்டிலும் ஆள் நின்று எடுத்துக் கொடுத்தால்தான் அடுப்பு காயாமல் இருக்கும். என் பழைய கணிப்பொறியில் சமையல்காரருக்கும் வயசாகிவிட்டது, அறையும் சின்னது. இரண்டையும் மாற்ற வேண்டியதுதான். அந்த மாதமே கையில் பணமும் இருந்தது.

அந்த மாதம் நான் வாங்கவில்லை. ஆராய்ச்சி பண்ணினேன். ஹிஞ்சேவாடிக்குப் போகிற கம்பெனி வண்டியில் போக ஒன்றரை மணி நேரம், வர இரண்டு மணி நேரம், அத்தனையும் ப்ராசஸர் ஒப்பீடுகள்தான். இன்னும் மூன்று மாதத்தில் புது வகை வரப்போகிறது என்று போட்டிருந்தது, காத்திருந்தேன். வந்தது, விலை இறங்கட்டும் என்று காத்திருந்தேன். அதற்குள் ரேம் விலை ஏற ஆரம்பித்தது. திரும்ப இறங்கும் என்று அதற்கும் காத்திருந்தேன். அவள் வார நாட்களில் ஏரிக்கரையைச் சுற்றிக்கொண்டிருந்தாள். அந்த ஏரியில் எந்த மரத்தடியில் எந்தப் பறவை வந்து உட்காரும் என்று சொல்வாள். "மலை அங்கதான் நிக்குதுங்க, எங்கயும் போகாது. நீங்க நிதானமாப் பாருங்க" என்றும் சொல்வாள்.

கடைசியில் தீபாவளிக்கு முந்தின வாரம் புத்வார் பேட்டையில் ஒரு கடைக்குப் போனேன். கடைக்காரர் மராத்திக்காரர், என்னிடம் ஹிந்தியில் பேசினார். விளையாட்டுக்குத்தான் என்றால் உள்ளே வேலை செய்கிற கோர் குறைவாக இருந்தாலும் பரவாயில்லை, கேஷ் என்கிற கையோரச் சேமிப்பு அதிகம் உள்ள ப்ராசஸராக எடுங்கள், அது மெமரியை அடிக்கடி எதிர்பார்க்காது என்றார். எனக்குச் சுருக்கென்றது. எனக்கே சொல்லித் தருகிறாரா? ஆபீஸ் வேலைக்கு நாங்கள் எப்போதும் கோர் அதிகம் உள்ளதைத்தான் எடுப்போம். அதையே எடுத்தேன். கூடவே புது மதர்போர்டு, ஜோடியாக இரண்டு ரேம், ப்ராசஸரைக் குளிர்விக்க ஆள் தலை அளவுக்கு ஒரு பெரிய கூலர்.

"ஹம் ஃபிட் கர்கே தேதே ஹை, சர்" என்றார். இங்கேயே மாட்டித் தருகிறோம், அரை மணி நேரம், கூலி வேண்டாம் என்றார்.

வேண்டாம், நானே மாட்டிக்கொள்வேன் என்றேன்.

வீட்டில் மேஜை மேல் எல்லாவற்றையும் பரப்பினேன். அவள் திருகாணிகளை ஒரு கிண்ணத்தில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள். கேட்கக் கேட்க ஒவ்வொன்றாகத் தடவி எடுத்துக் கொடுத்தாள். மதர்போர்டில் ரேமைச் சொருக நாலு ஸ்லாட் வரிசையாக இருந்தன. ப்ராசஸர் பக்கத்திலேயே இருந்த முதல் ஸ்லாட்டின் மேல் கூலரின் விசிறி வந்து முட்டியது. இடிக்காத பக்கமாகப் போகட்டும் என்று மூன்றாவதிலும் நாலாவதிலும் இரண்டு ரேமையும் அடுத்தடுத்துச் சொருகினேன். க்ளிக் என்று உட்கார்ந்தன.

"டப்பாக்குள்ள படம் போட்ட புக்கு ஒண்ணு இருக்குதே, பாக்கலீங்களா?"

"அடப் போம்மா, தினமும் இதுலதான் பொழைக்கிறேன்" என்றேன்.

அந்தப் புத்தகத்தை அவளே எடுத்து, பிரிக்காமல், டப்பாவுக்குள் திரும்ப வைத்தாள். டப்பாவைப் பரண் மேல் ஏற்றினேன்.

கணிப்பொறி நன்றாகவே ஓடியது. ஏரியும் காடும் வெண்ணெயாக வழுக்கின. ஊருக்குள் போனோம். பழைய திக்கல் இல்லை. ஆனால் இருந்தது. முன்னே தடுக்கி விழுந்துகொண்டிருந்த குதிரை இப்போது லேசாக நொண்டியது. பாலத்தில் ஒன்று, கிணற்றுப் பக்கம் இரண்டு.

"இது போதுங்க. இதுலயே போயிருவேன்" என்றாள்.

இந்த வார்த்தையை அவள் சொன்னாள். நான் இதை மறக்க முயற்சி பண்ணியிருக்கிறேன், முடியவில்லை. அன்றைக்கு அவள் போயிருந்தால் ஒருவேளை ஒரு தடவை ஆற்றில் விழுந்திருப்பாள், இரண்டு தடவை விழுந்திருப்பாள், மூன்றாவது தடவை தாண்டியிருப்பாள். காலை பதினோரு மணி, அவள் கண்ணுக்கு நல்ல நேரம்.

"இவ்வளவு செலவு பண்ணிட்டு இது திக்கவே கூடாது. ஒரு வாரம் பொறு" என்றேன்.

அந்த ஒரு வாரம் தை மாதம் வரை போயிற்று. ஞாயிறு காலை ஆனால் நான் கணிப்பொறி முன்னால். அவளுக்குப் பத்து மணியிலிருந்து ஒரு மணி வரை நல்ல பார்வை இருக்கும், அதன்பின் கண் களைத்துவிடும். அந்த நேரத்தில்தான் எனக்கும் ஓய்வு. மேற்கு வாசலில் கொல்லன் பட்டறைக்கு முன்னால் விளையாட்டை ஒரு இடத்தில் பதிந்து வைத்தேன். அங்கிருந்து கிளம்பி, கூட்டம், பாலம், கிணறு, கிழக்கு வாசல். வாசலைத் தொட்டதும் கீபோர்டில் ஒரு பட்டனை அழுத்தினால் மறுபடி கொல்லன் பட்டறை. அதுதான் என் அளவுகோல். ஒன்றை மாற்று, மூன்று தடவை ஓட்டு, நோட்டில் எழுது. கிராபிக்ஸ் கார்டின் டிரைவர் மென்பொருளை மாற்றினேன், மூன்று தடவை. படத்தில் விழும் நிழலைக் குறைத்தேன், மூன்று தடவை. விண்டோஸை முதலிலிருந்து போட்டேன், மூன்று தடவை. நொடிக்கு எத்தனை படம் வருகிறது என்று திரையின் ஓரத்தில் எண்கள் ஓடிக்கொண்டிருக்கும். சராசரி பிரமாதமாக இருந்தது, அடிமட்டம்தான் விழுந்து விழுந்து எழுந்தது. ரேமைச் சந்தேகப்படவில்லையா என்று கேட்கலாம். சந்தேகப்பட்டேன். வேகம் எவ்வளவு என்று விண்டோஸ் காட்டியது, டப்பாவில் போட்டிருந்த அதே வேகம். நாலு ஸ்லாட்டில் இரண்டு நிரம்பியிருக்கிறது என்று காட்டியது, சரிதானே. கணிப்பொறியின் கேபினெட்டைத் திறந்து பார்க்கவே இல்லை. அளக்கத் தொடங்கியபின் வன்பொருளைத் தொட்டால் எழுதி வைத்ததெல்லாம் வீணாகிவிடும். நான்தான் ஊருக்கெல்லாம் அதைப் பாடம் எடுத்தவன்.

ஒவ்வொரு சவாரியும் தொடங்கும்போது கொல்லனின் சுத்தியல் டங் டங் என்று நாலு தடவை அடிக்கும். அவள் சமையலறையில் இருந்தாலும் அதைக் கேட்பாள். "மறுபடியும் ஆரம்பிச்சுட்டீங்களா?" என்பாள். முதலில் கேலியாகக் கேட்டாள். பிறகு கேட்பதை நிறுத்தி, பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள். எனக்குப் பக்கத்தில், திரைக்கு அத்தனை கிட்டத்தில் உட்கார்ந்தால் திரை அவள் ஜன்னலுக்குள் அடங்காது. என் குதிரையின் வாலையோ ஒரு கூரையின் முனையையோ மட்டும் பார்த்துக்கொண்டிருந்திருப்பாள். அதைக்கூட நான் யோசிக்கவில்லை.

ஒரு ஞாயிறு, கிழக்கு வாசலில் நின்றேன். வாசலுக்கு அப்பால் வெயிலில் மலைப்பாதை தெரிந்தது. பட்டனில் விரல் வைத்தேன்.

"ஏனுங்க, ஒரே ஒரு தடவ அந்த வாசலைத் தாண்டிப் போங்களேன். அக்கட்ட எப்படி இருக்குன்னு பாக்கலாம்."

"தாண்டுனா இந்த ஓட்டம் கணக்குல வராதும்மா."

"வராட்டி என்னங்க?"

அழுத்திவிட்டேன். டங் டங் என்றது. எரிச்சலில் நான், "உனக்காகத்தானே இத்தனையும் பண்றேன்" என்றேன். அவள் கண்ணுக்கு மிஞ்சியிருந்த கடைசி ஞாயிறுகளை ஒவ்வொன்றாகத் தின்றுகொண்டே இதைச் சொன்னேன். சொன்ன வாயைக் கிழிக்க வேண்டும்.

பொங்கல் கழிந்து இரண்டு வாரம் இருக்கும். காலையில் எழுந்து, ஜன்னலைத் துடைத்துவிடச் சொன்னாள். வீட்டு ஜன்னல் இல்லை. கண்ணைத்தான் அப்படிச் சொன்னாள், விளையாட்டாக. கண்ணாடியில் மூச்சு விட்ட மாதிரி நடுவில் படர்ந்திருக்கிறது என்றாள். டாக்டர் சொட்டு மருந்து கொடுத்தார், பிறகு ஊசி போட்டார். நடுப்பகுதியில் நீர் கோத்திருக்கிறது, சிலருக்கு வடியும் என்றார். அவளுக்கு வடியவில்லை. பங்குனியில் என் சட்டை என்ன நிறம் என்று கேட்டாள். சித்திரையில் கேட்பதை விட்டுவிட்டாள். ஏரிக்கரைக்கும் போவதில்லை. கணிப்பொறி மேல் ஒரு துண்டைப் போட்டு மூடினேன். நானும் தொடவில்லை. என் நோட்டில் மூன்று மூன்றாக வரிசை வரிசையாக எண்கள் இருந்தன. அவற்றால் யாருக்கும் ஒரு பயனும் இல்லை.

ஆளந்தி ரோட்டைத் தோண்டிப்போட்டு வேலை நடந்துகொண்டிருந்தது. வீடெல்லாம் புழுதி. ஆனி பிறந்த சமயத்தில் ஆபீஸ் வேலைக்காகக் கணிப்பொறியைப் போட்டேன், விசிறி மாவு மில் மாதிரி இரைந்தது. தூசி தட்டலாம் என்று கேபினெட்டைத் திறந்தேன். அதை மாட்டிய நாளுக்கப்புறம் அன்றைக்குத்தான் திறக்கிறேன். பிரஷ்ஷால் தட்டிக்கொண்டே வந்தவன் ரேமைப் பார்த்தேன். இரண்டும் ஒட்டிக்கொண்டு ஒரே பக்கமாக நின்றன. ஸ்லாட்டுகளுக்குப் பக்கத்தில் போர்டிலேயே பொடி எழுத்தில் அச்சடித்திருந்தது. முதலிரண்டுக்கும் ஒரு எழுத்து, பின்னிரண்டுக்கும் வேறு எழுத்து.

பரணில் ஏறி டப்பாவை இறக்கிப் புத்தகத்தைப் பிரித்தேன். நாலாவது பக்கத்தில் படம். இரண்டு ரேம் மட்டும் இருந்தால் இரண்டாவதிலும் நாலாவதிலும் போடவும். படம் போட்டு, அம்புக்குறியும் போட்டிருந்தது. இரண்டாவது ஸ்லாட்டில் கூலர் இடிக்கவே இடிக்காது. சாமான் அறைக்கு இரண்டு கதவு, எழுத்துக்கு ஒன்று. நான் இரண்டு ஆட்களையும் ஒரே கதவில் நிறுத்தி வைத்துவிட்டு, அடுப்பை மாற்று, கரண்டியை மாற்று என்று ஒரு குளிர்காலம் முழுக்கக் கத்திக்கொண்டிருந்திருக்கிறேன். தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். தலையில் அடித்துக்கொண்டால் அவளுக்குச் சத்தம் கேட்கும் என்று அதையும் செய்யவில்லை.

மூன்றாவதில் இருந்த ரேமைப் பிடுங்கி இரண்டாவது ஸ்லாட்டில் சொருகினேன். விளையாட்டைப் போட்டேன். கொல்லன் பட்டறையிலிருந்து கிழக்கு வாசல் வரை ஓட்டினேன். ஒரு இடத்திலும் திக்கவில்லை. இரண்டாம் தடவை ஓட்டிப் பார்க்க அவசியமே இல்லை. பட்டனை அழுத்திக் கொல்லன் பட்டறைக்குத் திரும்பினேன்.

டங் டங் சத்தம் கேட்டு அவள் சுவரைத் தொட்டபடி அறைக்கு வந்தாள்.

"எத்தன நாளைக்கப்புறம்" என்றாள். "சரியாயிருச்சுங்களா?"

"ஆயிருச்சு."

"என்னதாங்க ஆச்சு அதுக்கு?"

"ரேமை நான் மாத்திச் சொருகியிருந்தேன்."

"சரி பண்ண எத்தன நேரமாச்சு?"

"ரெண்டு நிமிஷம்."

"அந்தப் புக்குல போட்டிருந்துதுங்களா?"

"போட்டிருந்துச்சு."

திட்டியிருக்கலாம். எதையாவது எடுத்து என் மேல் எறிந்திருக்கலாம், எனக்கு அது எவ்வளவோ மேலாக இருந்திருக்கும். அவள் நாற்காலியைத் தடவி, பழைய தூரத்துக்குப் பின்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கையை நீட்டினாள். விளையாட்டுக் கண்ட்ரோலரைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். விரல்கள் எதையும் மறக்கவில்லை. ஆனால் தலையை வலப்பக்கமும் இடப்பக்கமுமாகச் சாய்த்துச் சாய்த்துத் தேடினாள்.

"குதிரை எங்கீங்க?"

"நடுவுல நிக்குது."

"நடுவுலதானுங்க இப்ப ஒண்ணும் தெரியறதில்ல" என்றாள். கண்ட்ரோலரை என் மடியில் வைத்தாள். "நீங்க போங்க. நான் கேட்டுக்கிட்டே வர்றேன். வாசலைத் தாண்டி அந்த வீடு வரைக்கும் போகணும். என்னென்ன இருக்குதுன்னு சொல்லிக்கிட்டே போங்க."

எனக்குக் கண்ட்ரோலர் பழக்கமில்லை. எப்போதும்போலக் கீபோர்டை முன்னால் இழுத்து வைத்துக்கொண்டேன். குதிரையைக் கிளப்பினேன். என்ன சொல்வதென்று தெரியவில்லை. அத்தனை தடவை போன ஊரில் நான் பார்த்ததெல்லாம் ஓரத்தில் ஓடிய எண்கள்தான். அவளே சொல்லிக்கொண்டு வந்தாள். மரத்தில் குளம்பு பட்டதும், "பாலம்" என்றாள். ராட்டினம் கிறீச்சிட்டதும், "கிணறு. இனி வலப்பக்கம்" என்றாள். கூட்டத்தின் இரைச்சல் பின்னால் போனது. காற்றுச் சத்தம் கேட்க ஆரம்பித்தது. கையை நீட்டி என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"வாசல் வந்துருச்சுங்களா?"

"வந்துருச்சு."

வாசல் வளைவுக்குள் குதிரை நுழைந்தது. முன்னால் வெயிலில் பாதை. மேலே புகை. அந்த நொடியில் என் இடது கை விரல், அத்தனை ஞாயிறுகளும் பழகிய விரல், தானாகவே போய் அந்தப் பட்டனை அழுத்தியது.

டங் டங் என்று சுத்தியல் அடித்தது.

தோளிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள். "மறுபடியும் மொதல்லிருந்துங்களா?" என்றாள். எழுந்து, நாற்காலியை ஓரமாகத் தள்ளிவிட்டு, சுவரைத் தொட்டுக்கொண்டு சமையலறைப் பக்கம் போய்விட்டாள்.